பங்களாவில் இருந்து வந்த கிட்டார்: பழைய சாமானின் நிலையைப் பார்ப்பது எப்படி?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஹட்டன் கடையில் உட்கார்ந்திருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தம்பி வந்தார். கையில் யூரியாப் பையால் சுற்றிய ஒரு நீளமான பெட்டி.

"முதலாளி, பழைய சாமான் எடுப்பீங்கதானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

பெட்டியைத் திறந்ததும் பூஞ்சண வாடை குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு கிட்டார். நமது பிள்ளைகள் பாடசாலை விழாக்களில் வாசிக்கும் சாதாரண கிட்டார் அல்ல. வயலினைப் போல மேற்பலகை மேடாக வளைந்திருந்தது. நடுவில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக இரு பக்கமும் நீண்டு வளைந்த இரண்டு துவாரங்கள். கம்பிகளுக்குக் கீழே ஓர் உலோகப் பெட்டி, ஓரத்தில் இரண்டு குமிழ்கள்.

தம்பியின் பாட்டனார் ஒரு தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக வேலை செய்தவர். 1970களில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் இதுவும் ஒன்று. லயத்து வீட்டில் அலுமாரிக்கு மேலேயே இத்தனை காலமும் கிடந்திருக்கிறது. இப்போது தங்கைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. தங்குமிடத்துக்கும் மடிக்கணினிக்கும் பணம் வேண்டும். நகரத்தில் ஒருவர் 15,000 ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், புதிதாகப் பெயின்ட் அடித்து, துருப்பிடித்த பாகங்களை மாற்றினால் 40,000 வரை போகும், அந்த வேலைக்கு 18,000 ஆகும் என்றாராம். இரண்டில் எது நல்லது என்று கேட்கத்தான் தம்பி வந்திருந்தார்.

இரண்டும் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்குவதே இந்த வாரக் கட்டுரை. இசைக்கருவி வியாபாரம் பற்றி மார்க்கத் தீர்ப்புக் கேட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், அது ஆலிம்களின் வேலை. நான் பேசப்போவது பழைய சாமானின் நிலை, அதன் மதிப்பு, அதை விற்பவனின் பொறுப்பு ஆகியவை பற்றித்தான். மலையகத்தில் பழைய சாமான் எடுத்து விற்கும் நமது சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள். இது கடிகாரத்துக்கும், கிராமபோனுக்கும், தேக்கு அலுமாரிக்கும் பொருந்தக்கூடிய விடயம்.

நான் செய்த தவறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கைமாறிய பின்னர், பல பங்களாக்களில் பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் கழிக்கப்பட்டன. அப்படி ஓர் ஏலத்தில் நானும் ஒரு லொட் எடுத்தேன். அதில் இறைச்சி வைக்கும் வலைப் பெட்டி, உடைந்த கிராமபோன் இவற்றோடு ஒரு கிட்டாரும் இருந்தது. பார்ப்பதற்குப் படு மோசம். மேலே வார்னிஷ் சிலந்தி வலை போல வெடித்திருந்தது.

பழையதைப் புதிதாக்கி விற்பதுதான் கெட்டித்தனம் என்று நான் நினைத்திருந்த காலம் அது. தளபாடங்களுக்குப் பொலிஷ் போடும் பாஸ் ஒருவரிடம் கொடுத்து, முழுவதையும் உரசி எடுத்து, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்கினேன். துருப்பிடித்த சாவிகளைக் கழற்றி எறிந்து புதிய சாவி போட்டேன். வேலை செய்யாத மின் பாகங்களை ரேடியோ திருத்தும் ஒருவர் சும்மா எடுத்துக்கொண்டு போனார். 7,500 ரூபாவுக்கு விற்றேன். நல்ல இலாபம் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒருநாள், வாங்கியவரோடு கண்டியிலிருந்து ஓர் இசைக் கலைஞர் கடைக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "ஹாஜியார், நீங்க இதுல இருந்து எடுத்து வீசினதுதான் இதோட பெறுமதி" என்று மட்டும் சொன்னார். அது எந்தக் கம்பனியின் எந்த வகைக் கிட்டார் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. உள்ளே ஒட்டியிருந்த லேபிளை அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தெடுத்தவனே நான்தான்.

அன்றிலிருந்து இந்தச் சாமான்களைப் பற்றி விசாரித்தும் வாசித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

இது என்ன கிட்டார்?

1920, 30களில் அமெரிக்காவில் ஜாஸ் என்னும் இசை பெரிய வாத்தியக் குழுக்களால் வாசிக்கப்பட்டது. ஊதுகுழல்களும் முரசுகளும் முழங்கும்போது கிட்டாரின் சத்தம் எடுபடவில்லை. மேற்பலகையை வயலின் போல வளைத்துச் செய்து பார்த்தார்கள், ஓரளவு சத்தம் கூடியது. பின்னர் கம்பிக்குக் கீழே ஒரு காந்தத்தையும், அதைச் சுற்றித் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியாலான சுருளையும் வைத்தார்கள். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசையும். சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கேட்கலாம். இந்தப் பாகத்துக்குத்தான் பிக்அப் என்று பெயர்.

அமெரிக்காவின் கிப்சன் கம்பனி 1936இல் ஈ.எஸ். 150 என்ற மின்சாரக் கிட்டாரை வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் 1939இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்து அதை வாசித்துப் புகழ்பெறச் செய்தார். அவர் 1942இல் இளம் வயதிலேயே காலமானார். 1949இல் அதே கம்பனி ஈ.எஸ். 175ஐக் கொண்டு வந்தது. அன்று அதன் விலை 175 டொலர், பெயரும் அதுவே. இன்று பழைய ஜாஸ் கிட்டார் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இப்போது பரவலாக உள்ள மின்சாரக் கிட்டார்கள் கட்டைப் பலகையில் செய்தவை, உள்ளே வெற்றிடம் கிடையாது. நாம் பேசும் வகையோ முழுக்க முழுக்க வெற்றுடல். மெல்லிய பலகைகளை வளைத்துப் பசையால் ஒட்டிய ஒரு பெட்டி. அதன் இனிமைக்கும் அதுதான் காரணம், பலவீனத்துக்கும் அதுதான் காரணம்.

சரி, இது நமது மலைக்கு எப்படி வந்தது? நுவரெலியா ஹில் கிளப் 1876இல் கோப்பிக் காலத்திலேயே தொடங்கப்பட்டது. டிக்கோயா, மஸ்கெலியா, திம்புளைப் பகுதித் துரைமாருக்கும் கழகங்கள் இருந்தன. கிரிக்கெட், றகர் முடிந்தால் இரவு விருந்தும் நடனமும் நடக்கும். கொழும்பிலும் அந்த இசைக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய இசைப் பயணங்களில் டேவ் புருபெக்கின் குழு 1958இலும், டியூக் எலிங்டனின் குழு 1963இலும் இலங்கைக்கு வந்து போயின.

இங்கே ஒரு வியாபார விடயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் டொலர்த் தட்டுப்பாடு. 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளை அங்கே இறக்குமதி செய்யத் தடை இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஜேர்மன் ஹொஃப்னர் கம்பனி. 1887இல் ஷோன்பாக் என்ற ஊரில் கார்ல் ஹொஃப்னர் தொடங்கிய நிறுவனம் இது. போருக்குப் பின் அந்த ஊர் ஜேர்மனியர்கள் வெளியேற்றப்பட, பவேரியாவில் புபன்ரொய்த் என்ற இடத்தில் மீண்டும் தொழிற்சாலை போட்டார்கள். அகதிகளாகப் போனவர்கள் தொழிலைக் கையோடு கொண்டு போனார்கள் என்று சொல்லலாம். லண்டன் செல்மர் நிறுவனம் அவர்களுடைய கிட்டார்களை பிரசிடென்ட், செனட்டர், கமிட்டி, கிளப் என்ற பெயர்களில் விற்றது. ஆகவே 1950களில் லீவில் லண்டன் போன ஒரு துரை அங்கே புதிதாக வாங்கி வந்திருந்தால், அது கிப்சனாக இருப்பதை விட ஹொஃப்னராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய சாமான் வியாபாரிக்கு இந்தச் சரித்திரம் பிரயோசனமானது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று இது சொல்லித் தருகிறது.

1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்தையும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதையும் அடுத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கப்பலில் ஏற்றாத சாமான்கள் அப்புவுக்கும், கிளாக்கருக்கும், ஏலத்துக்கும் போயின.

தேயிலையைப் போலத்தான் மரமும்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். அடுப்பில் இருந்து வரும் தேயிலையில் ஈரம் 3 வீதமளவில்தான் இருக்கும். திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். மரமும் அப்படித்தான். ஈரம் ஏறினால் பருக்கும், இறங்கினால் சுருங்கும். நாரின் குறுக்குப் பக்கமாக அதிகம், நெடுக்குப் பக்கமாக மிகக் குறைவு. கிட்டாரில் பலகைகள் வெவ்வேறு திசையில் ஒட்டப்பட்டிருப்பதால், ஒன்று இழுக்க மற்றது விடாது. கடைசியில் பசை விடும் அல்லது பலகை வெடிக்கும்.

இசைக்கருவிக்கு ஒத்துவரும் ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் என்பார்கள். நமது மலையில் அதற்கு எங்கே போவது? நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை. ஜூன், ஜூலையில் சுவரே வியர்க்கும், அலுமாரியில் தொப்பி பூஞ்சணம் பிடிக்கும். ஜனவரி, பெப்ரவரியில் பகல் வெயிலும் இரவு உறைபனியும். இதோடு பங்களாக்களில் குளிர்காயும் அடுப்பு வேறு. வருடம் பூராவும் நனைந்த மரத்தை மாலை நேரங்களில் நெருப்பின் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? பழைய கிட்டார்கள் பலவற்றில் பயன்பட்ட மிருகப் பசை, சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகக்கூடியது. ஒரு வகையில் அது நல்லது, திருத்துகிறவர் அதை இளக்கிப் பிரித்து மறுபடி ஒட்டலாம். நமது ஆட்கள் அந்த இடத்தில் இரும்புக்கு ஒட்டும் பசையைப் பூசிவிடுகிறார்கள். பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

தம்பி கொண்டு வந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன், முறை விளங்கும்.

முதலில் கழுத்து. துவக்கில் குறி பார்ப்பதைப் போல, தலைப்பக்கம் கண்ணை வைத்துக் கழுத்தின் ஓரத்தை நெடுகப் பார்க்க வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் பாரம் 60 கிலோவுக்கு மேல், அதாவது ஒரு சீமெந்து மூடையை விட அதிகம். ஐம்பது அறுபது வருடம் இந்தப் பாரத்தில் நின்ற கழுத்து மிக இலேசாக உள்வளைந்திருந்தால் குற்றமில்லை. முறுகியிருந்தால்தான் பயப்பட வேண்டும். கிப்சன் கழுத்துக்குள்ளே வளைவைச் சரிசெய்யும் ஒரு இரும்புக் கம்பி உண்டு. பழைய ஹொஃப்னர்கள் பலவற்றில் திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது. கம்பி இருந்தாலும் தெரியாதவர்கள் திருகக் கூடாது. துருப்பிடித்த மரையை வலிந்து திருகினால் முறிந்துவிடும், அதோடு கதை முடிந்தது.

அடுத்தது கம்பிக்கும் விரற்பலகைக்கும் இடையிலுள்ள உயரம். பன்னிரண்டாம் கட்டையில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இருந்தால் வாசிக்க இலகு. 5 மில்லிமீற்றர் நின்று, கம்பிகளைத் தாங்கும் பாலக்கட்டையும் ஏற்கனவே அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டிருந்தால், கழுத்து உடலோடு சேரும் பொருத்து அசைந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் திருத்தலாம், ஆனால் தேர்ந்த கைக்குத்தான் முடியும், கூலியும் அதிகம்.

இந்தப் பாலக்கட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகைக் கிட்டாரில் அது ஒட்டப்படுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. துடைப்பதற்காக எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது கீழே விழும், சிறு துண்டு என்று குப்பையோடு போய்விடும். தேவையென்றால் ஒவ்வொரு கம்பியாக மாற்ற வேண்டும். தம்பியின் பாட்டனார் கம்பியில் கைவைக்காததால் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. ஏதும் தெரியாமல் சும்மா விட்டதுதான் அவர் செய்த பெரிய உபகாரம்.

பிறகு மேற்பலகை. வெடிப்பு இரண்டு வகை. பழைய லெக்கர் பூச்சு குளிரிலும் சூட்டிலும் நுணுக்கமான கோடுகளாக வெடிக்கும். அது பூச்சின் வெடிப்பு, வயதின் அடையாளம், குறையல்ல. மரமே வெடித்திருந்தால் டோர்ச் ஒன்றையும் சிறிய கண்ணாடியையும் கொண்டு துவாரத்தின் வழியாக உள்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். நான் அந்தக் காலத்தில் உரசி எறிந்தது முதல் வகையைத்தான்.

துவாரத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தால் இன்னொரு விடயமும் தெரியும். ஓரத்தில் பிளைவூட் போல அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. ஒரே மரமாக ஓடினால் குடைந்து செதுக்கிய முழுப்பலகை, விலை கூடியது. ஆனால் ஒட்டுப்பலகை என்றதும் மலிவு என்று எண்ண வேண்டாம். பெயர்பெற்ற ஈ.எஸ். 175உம் ஒட்டுப்பலகையில் செய்ததுதான். மின் ஒலிபெருக்கியில் போடும்போது தேவையில்லாத ஊளைச் சத்தம் எழுவதை அது ஓரளவு குறைக்கிறது. ஈரத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நமது மலையில் பிழைத்துக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓரத்தில் ஓடும் வெள்ளைப் பட்டியும், விரல்படும் இடத்தில் உள்ள ஆமையோட்டு நிறத் தகடும் பெரும்பாலும் செலுலொயிட். பழைய பிங்பொங் பந்து செய்த அதே பொருள். கற்பூரம் சேர்த்துச் செய்வார்கள். வயதாகும்போது இது தானாகவே சிதைந்து அமில ஆவியை விடும். பக்கத்திலுள்ள உலோகம் பச்சை பூத்துப் போகும். மூடிய பெட்டிக்குள்ளே இந்த வியாதி வேகமாகப் பரவும். தகடு நொறுங்க ஆரம்பித்திருந்தால் அதைக் கழற்றித் தனியே ஒரு கடதாசி உறையில் போட்டுப் பத்திரமாக வைக்க வேண்டும், வீசக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: செலுலொயிட் மிக இலகுவில் தீப்பற்றும். சிகரட்டும், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் பக்கத்தில் வேண்டாம்.

பிக்அப்பைச் சோதிக்க, ரேடியோ திருத்துபவரிடம் உள்ள மல்டி மீற்றர் போதும். கிப்சனின் பி 90 என்னும் வகையென்றால் 7, 8 கிலோ ஓம் காட்டும். மற்றவை கூடலாம், குறையலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருளோ வயரோ எங்கோ அறுந்திருக்கிறது. சுருள் அறுந்திருந்தாலும் அதே கூட்டில் மீண்டும் சுற்றலாம். செத்த பிக்அப்பும் கிட்டாரோடு இருக்க வேண்டும். கூடவே பழைய வால்வு அம்ப்ளிஃபையர் அகப்பட்டால், ஆசைக்குக் கூட மின்சாரத்தில் சொருகாதீர்கள். வயர் உக்கியிருக்கும். உள்ளே இருக்கும் கொள்ளளவிகள், வயரைக் கழற்றிய பின்பும் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வயதைக் கண்டுபிடிக்க லேபிளும் தொடர் இலக்கமும் முக்கியம். துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்தால் தெரியும். அமெரிக்கக் கிட்டார்களில் இன்னொரு சாட்சியும் உண்டு. சத்தம் கூட்டும் குமிழுக்கு அடியிலுள்ள பாகத்தின் முதுகில் சில இலக்கங்கள் அடித்திருக்கும். உதாரணமாக 137 6624 என்றிருந்தால், 137 என்பது செய்த கம்பனியின் குறி, 66 என்பது 1966ஆம் ஆண்டு, 24 என்பது அந்த ஆண்டின் 24ஆவது வாரம். பாகம் அந்த வாரத்தில் செய்யப்பட்டது என்றால் கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, பாகத்தைப் பின்னர் மாற்றியிருந்தால் தவிர. மாற்றினார்களா என்பதைப் பற்றவைத்த ஈயமே காட்டிக் கொடுக்கும். பழைய ஈயம் மங்கிக் கிடக்கும், புதியது பளிச்சென்றிருக்கும்.

மாணிக்கக் கல்லும் பளபளப்பும்

ஏன் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது பேருவளை ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே நிறம், ஒரே எடை உள்ள இரண்டு நீலக் கற்களில், சூடு காட்டாத கல்லுக்கு விலை அதிகம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வாங்குபவன் நிறத்துக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை, கை படாத இயற்கைக்கும் சேர்த்தே கொடுக்கிறான். பழைய கிட்டாரும் அப்படியே. மறுபூச்சுப் பூசிய கிட்டாரின் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்த வியாபாரத்தில் பொதுவான கணக்கு. சாவி, பிக்அப், வால்பகுதி என்று ஒவ்வொரு மூலப் பாகமும் போகும்போது இன்னும் இறங்கும். 18,000 செலவழித்து விலையைக் குறைப்பதற்குத்தான் அந்தத் தம்பிக்கு யோசனை சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

பழைய கிட்டாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு உலகறிந்த ஒரு கதை இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் சுமார் 30 பவுணுக்கு ஒரு ஹொஃப்னர் பேஸ் கிட்டார் வாங்கினார். அதுவும் வயலின் வடிவில் செய்த வெற்றுடல் கிட்டார்தான். 1972இல் லண்டனில் வாகனமொன்றில் இருந்து அது களவு போனது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு, இங்கிலாந்தில் ஒரு வீட்டின் மச்சில் இருந்து கிடைத்து அவரிடமே வந்து சேர்ந்துவிட்டதாக 2024 பெப்ரவரியில் அறிவித்தார்கள். சேதம் இருந்தது, திருத்த வேண்டியிருந்தது.

அதற்காக எல்லா ஹொஃப்னரும் தங்கக்கட்டி என்று யாரும் எண்ண வேண்டாம். 1950களின் ஈ.எஸ். 175 ஒன்று நல்ல நிலையில் இருந்தால் 5,000 டொலருக்கு மேல் போகும். ஹொஃப்னர் செனட்டர் என்றால் சில நூறு பவுண்தான். ஆனாலும் நமது கணக்கில் அது சிறிய தொகையல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. வெளிநாட்டு நாணயத்தில் விலை பேசும் பழைய பொருள் எதுவும் இப்போது வீட்டுக்குள் இருக்கும் சேமிப்புத்தான். இது தெரிந்தவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய் வாங்குகிறார்கள், தெரியாதவர்கள் விற்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பழைய கிட்டார்களின் விரற்பலகை பிரேசில் றோஸ்வூட். இந்த மரம் 1992 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. 2017இல் றோஸ்வூட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தார்கள். 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள், பிரேசில் மரத்துக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. யானைத் தந்தம், உண்மையான ஆமையோடு என்றாலும் இதே பிரச்சினைதான். இலங்கையில் இதற்குரிய அனுமதி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் பெற வேண்டும். பத்திரமில்லாமல் பார்சலில் போட்டால், போய்ச் சேரும் நாட்டுச் சுங்கத்தில் பறிபோகலாம்.

ஈரத்தை மேலே வை

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்த தானியம் அது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். ஈரம் பட்ட பொருளை விற்க வேண்டாம் என்று தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே தம்பியின் கிட்டாருக்கு ஒரு தாளில் குறைகளை எழுதினேன். கழுத்து நேர். மேற்பலகையில் மர வெடிப்பு இல்லை, பூச்சு வெடிப்பு உண்டு. பின்பக்கப் பலகை கீழ் ஓரத்தில் நான்கு அங்குலத்துக்குப் பசை விட்டிருக்கிறது. பிக்அப் இறந்திருக்கிறது. ஒரு சாவி வேறு கிட்டாரினுடையது. தகடு நொறுங்கியிருக்கிறது, துண்டுகள் உறையில் உண்டு. லேபிளைப் பூச்சி அரித்திருக்கிறது, இலக்கத்தில் பாதி வாசிக்கலாம். தலையில் ஹொஃப்னர் பெயர் உண்டு, செனட்டர் வகை போலத் தெரிகிறது. பழைய பெட்டியும் உண்டு. மென்மையான காய்ந்த துணியால் பூஞ்சணத்தைத் துடைத்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்ளறை மேசையில் வைத்தேன். வாரம் ஒரு தடவை காற்றாடத் திறந்து வைத்தோம். பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும், ஒவ்வொரு குறையையும் கிட்டத்திலும் படம் எடுத்து, கொழும்பிலும் கண்டியிலும் வாசிக்கிற சிலருக்கு அனுப்பினோம்.

இந்தக் குறைப் பட்டியல் வேண்டாம் என்று தம்பி முதலில் பயந்தார். "இதைப் படிச்சா யாரு முதலாளி வாங்குவா?" என்றார். உண்மையில் நடந்தது வேறு. பட்டியல் இல்லாத சாமானுக்கு, வாங்குபவன் தன் மனதில் இன்னும் மோசமான பட்டியலைப் போட்டுத்தான் விலை பேசுவான்.

மூன்று வாரத்தில் கண்டியில் இருந்து ஒருவர் வந்தார். தாளை ஒவ்வொரு வரியாக வாசித்து, கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துச் சரிபார்த்தார். பசை விட்டது நான்கு அங்குலம் இல்லை, ஐந்து என்றார். அளந்தோம், ஐந்துதான். பிறகு கம்பிகளை மெதுவாக ஏற்றி, கடை வாசலில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்தார். பிக்அப்பை மறுபடி சுற்றுவதற்கும் பின்பலகை ஒட்டுவதற்கும் ஆகும் செலவைக் கழித்து 120,000 ரூபா என்றார். 125,000க்கு முடிந்தது. ரசீதில் குறைகளையும் சேர்த்து எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். என் தரகாக 5,000 எடுத்துக்கொண்டேன்.

தம்பி பணத்தை எண்ணிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, யூரியாப் பையையும் மடித்து எடுத்துக்கொண்டு பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.